திரை, தண்ணீர், பக்கத்தில் ஒரு ஆள்

குழந்தை நடக்கத் தொடங்கியதும் வீட்டுக்குள் இரண்டு கேள்விகள் புதிதாக வருகின்றன. டிவி பார்க்க விடலாமா, விட்டால் எவ்வளவு நேரம்? தண்ணீரில் இறக்கலாமா, இறக்கினால் எந்த வயதில்? முதல் கேள்வி சோறூட்டும் நேரத்தில் எழுகிறது. இரண்டாவது, கோடை விடுமுறையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் நீச்சல் குளத்தையோ ஊர்க் கிணற்றையோ பார்த்ததும் எழுகிறது. மருத்துவரிடம் கேட்டால் இரண்டுக்கும் ஒவ்வோர் எண் கிடைக்கும். அந்த எண்களோடு வீட்டுக்கு வரும் பெற்றோருக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு அவை பெரிதாக உதவுவதில்லை. குக்கர் விசில் அடிக்கிறது, வேலைக்குக் கிளம்ப வேண்டும், குழந்தை காலைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, ரிமோட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

திரையைப் பற்றி வளர்ச்சி உளவியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். தண்ணீரைப் பற்றி விபத்துத் தடுப்புத் துறையினர் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்து வாசித்தால் இரு தரப்பும் ஒரே இடத்தைச் சுட்டுவது தெரிகிறது. ஒன்றிலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு நேர அளவும் தொடங்கும் வயதும் அடுத்த கட்டக் கேள்விகள். அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறார், அவருடைய கையும் கண்ணும் குழந்தையிடம் இருக்கின்றனவா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. பெற்றோரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பக்கத்தில் இருக்க நேரம் வேண்டும். அந்த நேரம் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதையும் சேர்த்துப் பேசாத அறிவுரை பாதி அறிவுரைதான்.

எண்கள் வந்த வழி

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1999-இல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை டிவி பார்க்க விடாமலிருப்பது நல்லது என்றது. அப்போது அந்த வயதைப் பற்றிய நேரடி ஆய்வுகள் மிகக் குறைவு. முன்னெச்சரிக்கையாகச் சொன்ன யோசனை அது. 2011-இல் அதையே மீண்டும் வலியுறுத்தியது. 2016-இல் சற்றுத் தளர்த்தியது. ஒன்றரை வயதுவரை வீடியோ அழைப்பைத் தவிர வேறு திரை வேண்டாம். ஒன்றரை முதல் இரண்டு வரை, காட்டுவதென்றால் தரமானதைத் தேர்ந்தெடுத்துப் பெரியவரும் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். இரண்டு முதல் ஐந்து வரை நாளுக்கு ஒரு மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலும் கிட்டத்தட்ட இதேதான். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், அதிலும் குறைவாக இருந்தால் நல்லது என்றது. இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமியும் 2021-இல் இரண்டு வயதுக்குக் கீழே திரை கூடாது, எப்போதாவது வீடியோ அழைப்பு இருக்கலாம் என்றே சொல்லியிருக்கிறது. பிரான்ஸ் இன்னும் முன்னே போய், மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கென்று சொல்லி நிகழ்ச்சி தயாரித்து ஒளிபரப்புவதை 2008-இலேயே தன் நாட்டு நிறுவனங்களுக்குத் தடை செய்தது. சுவீடன் 2024-இல் இரண்டு வயதுவரை திரை வேண்டாம் என்றது.

உலக சுகாதார நிறுவனத்தின் அந்த வழிகாட்டுதலில் எல்லோரும் எடுத்துச் சொல்வது திரையைப் பற்றிய ஒரு வரியை மட்டும்தான். அது உண்மையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் 24 மணி நேரத்துக்கும் போட்ட கணக்கு. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தை நாளுக்கு 180 நிமிடமாவது ஓடி ஆடி அசைய வேண்டும். தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ முதுகிலோ கட்டிப்போட்டபடி ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் கதை சொல்லவோ படித்துக் காட்டவோ வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் திரைக்கு ஏன் அவ்வளவு சிறிய இடம் ஒதுக்கினார்கள் என்பது விளங்கும். ஒன்றரை வயதுக் குழந்தை விழித்திருப்பதே சுமார் பத்துப் பன்னிரண்டு மணி நேரம். சாப்பாடு, குளியல், அழுகை, சமாதானம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் விளையாட்டு. இரண்டு மணி நேர டிவி அந்த மிச்சத்திலிருந்துதான் கழிகிறது. திரையில் நஞ்சு இருக்கிறதா என்ற விவாதத்தைவிட இந்தக் கழித்தல் கணக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஜன்னலும் திரையும்

குழந்தைக்கென்று தயாரித்த வீடியோ அறிவை வளர்க்கும் என்ற நம்பிக்கை பெரிய வணிகமாக எழுந்ததற்கு ஒரு தெளிவான தொடக்கம் உண்டு. 1990-களில் அமெரிக்காவில் ஜூலி அய்க்னர் கிளார்க் என்ற தாய் தொடங்கிய பேபி ஐன்ஸ்டீன் நிறுவனத்தை 2001-இல் டிஸ்னி வாங்கியது. 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட வீடியோக்களை அதிகம் பார்த்த 8 முதல் 16 மாதக் குழந்தைகளுக்குத் தெரிந்த சொற்கள் குறைவாக இருந்ததாகச் சொன்னது. அதே தரவைப் பின்னர் மறு ஆய்வு செய்தவர்கள் அந்த முடிவு அவ்வளவு உறுதியானதல்ல என்றார்கள். அந்த மறு ஆய்வுக்கு முன்பே, 2009-இல் டிஸ்னி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

அடுத்த ஆண்டு ஜூடி டெலோச்சியும் அவருடைய குழுவினரும் செய்த சோதனை இந்த வாதத்தைத் தெளிவாக்கியது. 12 முதல் 18 மாதக் குழந்தைகளில் சிலர் புகழ்பெற்ற ஒரு வீடியோவை நான்கு வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். வேறு சிலருக்கு வீடியோ கிடையாது. அதிலிருந்த அதே சொற்களை அம்மா அப்பா தம் அன்றாடப் பேச்சினூடே சொல்லிக் கொடுத்தார்கள். வீடியோ பார்த்தவர்கள், இந்த இரண்டும் இல்லாத மற்றொரு குழுவினரைவிட அதிகமாக எதையும் கற்கவில்லை. மிக அதிகம் கற்றவர்கள் பெற்றோரிடம் கேட்டவர்கள். வீடியோவை விரும்பிய பெற்றோர், தம் குழந்தை அதிலிருந்து நிறையக் கற்றதாக நம்பினார்கள் என்பதும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அந்த நம்பிக்கை எனக்குப் புரிகிறது. அசையாமல் உற்றுப் பார்க்கும் குழந்தை கற்றுக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும்.

கற்க முடியாமல் போவது ஏன் என்பதற்கு ஜார்ஜீன் ட்ரோசெத்தும் டெலோச்சியும் 1998-இல் வெளியிட்ட சோதனை நல்ல விடை தருகிறது. பக்கத்து அறையில் ஒருவர் பொம்மையை ஒளித்து வைப்பதை இரண்டு வயதுக் குழந்தை டிவியில் பார்க்கிறது. பிறகு அந்த அறைக்கு அழைத்துப்போய்த் தேடச் சொன்னால் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடிவதில்லை. அதே காட்சியை ஜன்னல் வழியாகப் பார்ப்பதாகக் குழந்தையை நம்ப வைத்தால் நேராகப் போய் எடுத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான். டிவியில் வருவது தன் உலகத்தைச் சேர்ந்ததல்ல என்று அந்தக் குழந்தை அதற்குள் முடிவுசெய்திருக்கிறது. 2006-இல் ட்ரோசெத் இதையே மாற்றிச் செய்து பார்த்தார். திரையில் தெரியும் ஆள் குழந்தையோடு நேரலையில் பேசினார், பெயர் சொல்லி அழைத்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். அப்படிச் சில நிமிடங்கள் பழகிய பிறகு அவர் சொன்ன இடத்தில் குழந்தை பொம்மையைக் கண்டுபிடித்தது.

பாட்ரிசியா குல் 2003-இல் வெளியிட்ட ஆய்வும் இதனோடு சேரும். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியை நேரில் ஒருவர் பேசிப் பழக்கியபோது அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்களை, அதே பேச்சை, டிவியில் காட்டியபோது எதுவும் பதியவில்லை. சொந்தக்காரர்களில் பாதிப்பேர் சிங்கப்பூரிலும் டாலஸிலும் இருக்கும் நம் வீடுகளுக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2014-இல் வந்த இன்னோர் ஆய்வில், இரண்டு வயதைக் கடந்த குழந்தைகள் நேரலை வீடியோ அழைப்பில் புதிய வினைச்சொற்களைக் கற்றார்கள்; பதிவுசெய்த வீடியோவில் கற்கவில்லை. கும்பகோணத்திலிருந்து பாட்டி போனில் பேரனைப் பார்த்து, ‘என்னடா கையில வச்சிருக்க?’ என்று கேட்டு அவன் காட்டும்வரை காத்திருப்பதைத் திரை நேரமென்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

பதில் கிடைப்பதுதான் இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விஷயம். பிள்ளைத்தமிழின் பருவங்களை இந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். மூன்றாம் மாதக் காப்பில் தொடங்கி இருபத்தோராம் மாதச் சிறுதேர் வரை ஒற்றைப்படை மாதங்களுக்கு ஒன்றாகப் பத்துப் பருவங்கள் வகுத்தார்கள். ஒன்பதில் கைகொட்டும் சப்பாணி, பதினொன்றில் முத்தம் கேட்பது, பதின்மூன்றில் நடந்து வரச் சொல்லி அழைப்பது, பதினைந்தில் நிலவைச் சுட்டி அதனைக் கூப்பிடும் அம்புலி. ஏறக்குறைய எல்லாமே பெரியவர் ஒருவர் கேட்க, குழந்தை செய்து காட்டும் காரியங்கள். ஒருவர் சுட்டும் பொருளை மற்றவரும் சேர்ந்து பார்க்கும் திறன் ஒரு வயதையொட்டி உருவாகிறது என்றும், பேச்சு அதன்மேல்தான் எழுகிறது என்றும் இன்றைய உளவியல் சொல்கிறது.

கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற பரிந்துரைக்கு அடிப்படை இதுதான். டிவியில் யானை வந்தால் ‘நம்ம கோயில்ல பார்த்தோமே’ என்று சொல்ல ஒரு குரல் இருந்தால், திரையிலிருப்பது குழந்தையின் உலகத்துக்குள் வந்துவிடும். 2007-இல் சுட்டி டிவி வந்தபோது கார்ட்டூன்கள் நாள் முழுக்கத் தமிழில் பேசின. 2013-இல் சென்னையில் வினோத் சந்தர் தொடங்கிய சூச்சூ டிவி, யூடியூபில் உலகம் முழுவதுமுள்ள குழந்தைகளைச் சென்றடைந்தது. அவற்றைக் கண்டிக்க எனக்கு மனமில்லை. பாட்டும் நிறமும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்குவதுதான் எனக்கு உறுத்தல். குழந்தை நிமிர்ந்து நம்மைத் தேடுவதற்கான இடைவெளியை அது பறித்துவிடுகிறது. அந்த வசதியை அமைப்பில் போய் நிறுத்திவிட முடியும்.

சின்ன வயதில் டிவி பார்த்தால் பிற்காலத்தில் கவனச் சிதறல் வரும் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. 2004-இல் டிமிட்ரி கிறிஸ்டாகிஸின் குழு, ஒன்று, மூன்று வயதுகளில் அதிகம் டிவி பார்த்தவர்களுக்கு ஏழு வயதில் கவனக் குறைபாடு கூடுதலாக இருந்ததாகக் காட்டியது உண்மை. ஆனால் துறுதுறுவென்றிருக்கும் குழந்தையைத்தான் அதிகம் டிவி முன்னால் உட்கார வைக்கிறோம் என்ற வாய்ப்பை அந்த வகை ஆய்வால் முழுதாக விலக்க முடியாது. இதை வைத்து யாரையும் பயமுறுத்த வேண்டாம்.

யாரும் பார்க்காத டிவி

தமிழ்நாட்டு வீடுகளுக்கு மிகவும் பொருந்தும் ஆய்வு, குழந்தை நிகழ்ச்சிகளைப் பற்றியதே அல்ல. 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு டிவி போய்ச் சேர்ந்தது. டிவி இல்லாத வீடு இன்று அரிது. மதியத் தொடர், சாயங்காலச் செய்தி, இரவுத் தொடர் என்று கூடத்தில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. குழந்தை அதைப் பார்ப்பதில்லை, தரையில் தன்பாட்டில் விளையாடுகிறது. ஆகவே அது கணக்கில் வராது என்றுதான் நினைக்கிறோம்.

2008-இல் மேரி ஸ்மிட்டும் டேனியல் ஆண்டர்சனும் பிறரும் ஒன்று, இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளை ஒரு மணி நேரம் விளையாட விட்டுக் கவனித்தார்கள். அரை மணி நேரம் அறையில் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி ஓடியது, அரை மணி நேரம் டிவி இல்லை. குழந்தைகள் திரையைச் சில விநாடிகள்தான் அவ்வப்போது நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்குப் புரியும் நிகழ்ச்சியும் அல்ல. ஆனாலும் டிவி ஓடியபோது அவர்கள் ஒரு பொம்மையோடு ஒன்றியிருந்த நேரம் குறைந்தது, ஒவ்வொரு விளையாட்டும் சீக்கிரம் அறுந்தது. அதே குழுவினரின் 2009 ஆய்வில், பின்னணியில் டிவி ஓடியபோது பெற்றோர் குழந்தையோடு பேசுவதும் குழந்தையின் அழைப்புக்குத் திரும்புவதும் குறைந்தன. திரையைப் பார்த்தது பெரியவர், இழந்தது குழந்தை.

ஒரே ஒரு மாற்றம் செய்ய முடியுமென்றால் எதைச் செய்யலாம் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: யாரும் பார்க்காதபோது டிவியை அணைத்து வையுங்கள். இதற்குக் குழந்தையோடு சண்டை போட வேண்டியதில்லை. தாத்தாவின் செய்தி நேரத்தை மட்டும் கொஞ்சம் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும். அவருக்கு அது பகலின் ஒரே துணையாக இருக்கக்கூடும் என்பதால் மரியாதையோடு பேச வேண்டிய விஷயம் அது.

சாப்பாட்டு நேரம் இதைவிடக் கடினம். போன் காட்டினால்தான் வாய் திறக்கும் என்பது இப்போது தெருவுக்குத் தெரு கேட்கும் பேச்சு. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட இணை உணவு வழிகாட்டுதல், 6 முதல் 23 மாதக் குழந்தைக்கு ஊட்டும்போது அதன் பசிக்குறிகளையும் போதுமென்ற குறிகளையும் கவனித்து ஊட்டச் சொல்கிறது. திரையைப் பார்த்தபடி வாய் திறக்கும் குழந்தை, பசிக்கிறதா வயிறு நிறைந்ததா என்று நமக்குச் சொல்லும் வழியை இழக்கிறது. தட்டைக் காலி செய்துவிட்ட நிம்மதி நமக்கு, என்ன தின்றோம் என்று தெரியாத நிலை அதற்கு. தரையில் சிந்தினாலும் தானே அள்ளித் தின்ன விட்டால் ஒரு வாரத்துக்கு வீடு அலங்கோலமாகத்தான் இருக்கும். சிந்தியதைத் துடைக்கப் போவது யார் என்பதிலிருந்து அந்த முடிவு பிறக்கிறது. மருமகள்தான் துடைக்க வேண்டுமென்றால் போன் ஜெயிக்கும்.

தண்ணீர்

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021-இல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட மரணங்கள் நம்மைப் போன்ற, வருமானம் குறைந்த அல்லது நடுத்தரமான நாடுகளில் நடந்தவை. திரையைப் பற்றிய கவலை ஆண்டுகள் கழித்து வரக்கூடிய விளைவைப் பற்றியது. தண்ணீரின் கணக்கு நிமிடங்களில் முடிந்துவிடும்.

நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கனம். வாளிக்குள் எட்டிப் பார்க்கக் குனிந்தால் தலைகீழாக விழும். கையை ஊன்றி நிமிரும் வலு தோளில் இன்னும் வந்திருக்காது. குளியலறையில் பிடித்து வைத்த பக்கெட், கொல்லையில் இருக்கும் சிமெண்ட் தொட்டி, மூடி சரியாக இல்லாத சம்ப், தோட்டத்துப் பண்ணைக்குட்டை, எல்லாமே இந்த வயதுக்கு ஆழம்தான். சினிமாவில் வருவதுபோல் கூச்சலும் இருக்காது. நியூயார்க் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த ஃபிராங்க் பியா, மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970-களில் எழுதியது இது: மூழ்குகிறவர் கையை ஆட்டி உதவி கேட்பதில்லை, கத்துவதில்லை, மூச்சுக்கே வாய் போதாமல் போராடும் அந்த நேரம் 20 முதல் 60 விநாடிதான். அடுத்த அறையிலிருந்து சத்தத்தை வைத்துக் கவனித்துக்கொள்ளலாம் என்பது தண்ணீர் விஷயத்தில் நடக்காது.

அப்படியென்றால் சீக்கிரமே நீந்தப் பழக்கிவிட்டால் என்ன? பிறந்த சில மாதங்களில் குழந்தை தண்ணீரில் கைகால் அசைத்து நகர்வதைப் பார்த்து, நீச்சல் பிறவியிலேயே இருக்கிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் மிர்ட்டில் மெக்ரா 1939-இல் 42 குழந்தைகளைக் கவனித்து எழுதிய கட்டுரை இதைப் பிரித்துக் காட்டுகிறது. முதல் சில மாதங்களில் இருப்பது அனிச்சை அசைவு. பிறகு அது மறைந்து, தண்ணீரில் தத்தளிக்கும் கட்டம் வருகிறது. தன் விருப்பத்தோடு கையைக் காலை அசைப்பது அதற்கும் பிறகு, இரண்டாவது வயதில்தான் தொடங்குகிறது. அனிச்சையை நீச்சலென்று நம்பித் தண்ணீரில் விடுவது ஆபத்து.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2000-இல் நான்கு வயதுக்கு முன் முறையான நீச்சல் வகுப்பு வேண்டாம் என்றிருந்தது. 2010-இல் அதைத் தளர்த்தி, 2019-இல் ஒரு வயதிலிருந்தே பல குழந்தைகளுக்கு வகுப்பு பயன் தரலாம் என்றது. இந்த மாற்றத்துக்குப் பெரும் காரணம் ரூத் பிரென்னரின் குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வு. ஒன்று முதல் நான்கு வயதில் முறையாக நீச்சல் பழகியவர்களுக்கு மூழ்கும் ஆபத்து 88 சதவீதம் குறைவாக இருந்ததாக அது கணக்கிட்டது. நீச்சல் பள்ளிகள் இந்த எண்ணை அப்படியே விளம்பரத்தில் போடுகின்றன. அதோடு சேர்ந்த பிழை எல்லையைப் போடுவதில்லை: மெய்யான குறைவு 3 சதவீதத்திலிருந்து 99 சதவீதத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆய்வில் இருந்த குழந்தைகள் அவ்வளவு குறைவு. வகுப்பால் ஆபத்து கூடவில்லை, ஏதோ பயன் இருக்கிறது என்பதுவரை நம்பலாம். இரண்டு வயதுக் குழந்தைக்கு நீச்சல் தெரியும் என்று நம்பித் திரும்பி நின்றுவிட்டால் அந்தப் பயனும் போய்விடும். கையில் மாட்டும் காற்றுப்பையும் ரப்பர் டியூபும் விளையாட்டுச் சாமான்கள். அவற்றை உயிர்காக்கும் கருவியாக எண்ணக் கூடாது.

இதற்கு நேர்மாறாகத் தோன்றும் பரிந்துரை ஒன்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மூழ்கல் தடுப்பு வழிகாட்டுதல் நீச்சல் பயிற்சியை ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் சொல்கிறது. நம் கிராமத்து வழக்கமும் ஏறத்தாழ அதுதான். இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கை அல்லது காலி பிளாஸ்டிக் கேன் கட்டி, மாமாவோ சித்தப்பாவோ கிணற்றில் இறங்கிப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவது ஆறேழு வயதில். ஒரு வயதா, ஆறு வயதா என்று குழம்ப வேண்டியதில்லை. அமெரிக்கப் பரிந்துரை, வெதுவெதுப்பான குளமும் பயிற்றுநரும் கூட இறங்கப் பெற்றோரும் இருக்கும் வீடுகளுக்காகப் பேசுகிறது. உலக சுகாதார நிறுவனம், பயிற்றுநர் இல்லாத ஊர்களுக்காகப் பேசுகிறது. ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது அழுத்தமாகப் பரிந்துரைப்பது பகல்நேரக் காப்பகம்.

சின்னக் குழந்தையைத் தண்ணீரில் இறக்குவதில் எனக்கு ஆர்வம்தான். கழுத்தளவு வெதுவெதுப்பான நீரில் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காலை உதைக்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். வயதுவந்தவர்கள் நீந்தும் குளம் இந்த வயதுக்குக் குளிர்ச்சி அதிகம். உதடு நிறம் மாறும் முன் வெளியே எடுத்துத் துவட்ட வேண்டும். தலையை முக்கி முக்கி எடுக்கும் பயிற்சியில் குழந்தைகள் நிறையத் தண்ணீர் குடித்து, இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வந்த நிகழ்வுகள் 1980-களில் அமெரிக்காவில் பதிவாகியிருக்கின்றன. அதனால் முக்குவது வேண்டாம்.

குழந்தை நீச்சலால் சமநிலை கூடுகிறது, கையால் பற்றுவது மேம்படுகிறது என்று 2010-இல் ஹெர்முந்தூர் சிக்முந்த்சனும் பிரையன் ஹாப்கின்ஸும் எழுதினார்கள். பயின்ற 19 பேரையும் பயிலாத 19 பேரையும் ஒப்பிட்ட சிறிய ஆய்வு அது. அந்தப் பலன் தண்ணீரால் வந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. இந்த வகுப்புகளின் முதல் விதி, பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது. போன் வெளியே அலமாரியில் இருக்கும், இரண்டு கையும் குழந்தைமேல் இருக்கும், முகம் முகத்தைப் பார்த்திருக்கும். வாரம் முழுக்கக் கிடைக்காத அரை மணி நேரம் அங்கே கிடைக்கிறது. நகரத்தில் வேலைக்குப் போகும் ஓர் அப்பாவுக்கு நீச்சல் குளம் தரும் பெரிய லாபம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். குளம் எட்டாத வீட்டில் மொட்டை மாடியில் ஓர் அகலப் பாத்திரமும் இரண்டு குவளையும் இதைத் தந்துவிடும். முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட வேண்டும்.

ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை

பங்களாதேஷில் 2016-இல் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பின்படி ஆண்டுக்கு ஏறத்தாழ 14,000 பிள்ளைகள் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் மிகச் சின்னக் குழந்தைகள், இறந்த இடம் பெரும்பாலும் வீட்டை ஒட்டிய குட்டைகள். நேரத்தைப் பார்த்தபோது காலை ஒன்பதிலிருந்து பகல் ஒன்றுக்குள் மரணங்கள் குவிந்திருந்தன. அப்பா வயலில், அண்ணன் அக்கா பள்ளியில், அம்மா அடுப்படியில் இருக்கும் நேரம். அந்த நாட்டின் காயத் தடுப்பு ஆய்வு மையமான சிஐபிஆர்பி, தாய்மாருக்கு எச்சரிக்கைத் துண்டுச் சீட்டு கொடுப்பதோடு நிற்கவில்லை. ‘ஆஞ்சல்’ என்ற பெயரில் கிராமத்திலேயே ஒரு வீட்டில் காப்பகம் திறந்தது. உள்ளூர்ப் பெண் ஒருவருக்குப் பயிற்சியும் ஊதியமும் கொடுத்து, துணைக்கு ஒருவரையும் வைத்து, இருபது இருபத்தைந்து குழந்தைகளை அந்த நான்கு மணி நேரம் பாடி ஆடிக் கவனித்துக்கொள்ளச் செய்தது. காப்பகத்துக்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது சுமார் 80 சதவீதம் குறைந்தது. நான்கு வயதைத் தாண்டியவர்களுக்கு ஊர்க் குளத்தில் மூங்கில் மேடை கட்டி நீச்சல் பழக்கினார்கள். 2022-இல் அரசே 16 மாவட்டங்களில் 8,000 காப்பகங்களுக்கான திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது.

அதே நான்கு மணி நேரம்தான் நம் வீடுகளில் டிவி குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நேரம். சமைத்து, துவைத்து, தண்ணீர் பிடித்து முடிக்க வேறு கை இல்லாத வீட்டில் கார்ட்டூன் ஓடுவதைச் சோம்பல் என்று சொல்கிறவர் அந்த அடுப்படியில் ஒரு வாரம் நின்று பார்க்க வேண்டும். குழந்தை சம்ப் பக்கம் போகாமல் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது அந்த நிமிடத்தில் சரியான முடிவாகக்கூட இருக்கலாம். 2024-இன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, 15 முதல் 59 வயதுப் பெண்களில் 41 சதவீதம் பேர் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் இருந்ததாகவும், ஆண்களில் அது 21.4 சதவீதம் என்றும் சொல்கிறது. அதில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சுமார் 140 நிமிடம் செலவிட, ஆண்கள் செலவிட்டது 74 நிமிடம். வீட்டுக்குள் கிடைக்கக்கூடிய இரண்டாவது ஆள் யார் என்பதற்கான விடை அந்த இடைவெளியிலேயே இருக்கிறது.

வீட்டுக்கு வெளியே சட்டங்கள் வந்தன. 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் தாய்க்கு 26 வார விடுப்பைத் தந்தது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்றது. 2005-இன் நூறு நாள் வேலைச் சட்டம், வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளாவது வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்திக் கூலி தரச் சொன்னது. வீட்டு வேலைக்குப் போகிறவர், தையல் கூடத்தில் துண்டுக்கூலிக்கு உழைப்பவர், சொந்தக் கடையில் நிற்பவர் இந்தச் சட்டங்களின் நிழலுக்குள் வந்ததில்லை.

தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. கட்டடம் இருக்கிறது, சத்துணவு இருக்கிறது, தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஆயா இருக்கிறார். முன்பருவக் கல்விக்குக் குழந்தையைச் சேர்ப்பது இரண்டு வயதில். விடுப்பு முடியும் ஆறாம் மாதத்துக்கும் அந்த இரண்டு வயதுக்கும் நடுவே ஒன்றரை ஆண்டு இடைவெளி விழுகிறது. தவழ்ந்து, நடந்து, பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்து, முதல் சொற்களைப் பேசும் காலம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒன்றிய அரசின் பால்னா திட்டம் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்தில் ஆறு மாதத்திலிருந்தே குழந்தைகளைச் சேர்க்க வழி செய்திருக்கிறது. அந்த வழியைத் தெருவுக்குத் தெரு திறக்கச் சொல்லிக் கேட்பதும், அங்கே கூடுதலாக அமர்த்தும் பெண்ணுக்கு ஊக்கத்தொகை என்ற பெயரில் சில்லறையைக் கொடுக்காமல் முழுச் சம்பளம் கேட்பதும் திரை நேரத்தைப் பற்றிக் கவலைப்படும் எல்லோரும் செய்யக்கூடிய வேலை. காலை ஒன்பது மணிக்குத் திறந்து ஒரு மணிக்கு மூடினாலே போதும், தொடங்கலாம்.